இடது காதில் சொன்னதெல்லாம்

காவிரி பக்கத்திலேயே ஓடியும் காவிரியின் சத்தம் கேட்காத தெரு ஒன்று பள்ளிபாளையத்தைத் தாண்டி இருக்கிறது. அங்கே விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும், அடைந்த பிறகும், வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடும், டடக்கு டடக்கென்று சுவர் அதிரும், சோற்றுப்பானை மூடி அதிரும், தூளியில் கிடக்கிற பிள்ளை அந்த அதிர்விலேயே தூங்கும், கரண்ட் போனால்தான் முழித்துக்கொண்டு அழும். அந்தத் தெருக்காரர்கள் காதை நம்புவதில்லை, உதட்டைப் படிப்பார்கள். தறிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் வாயசைத்தால் இந்தப் பக்கம் நிற்கிறவளுக்குப் போதும். இதில் எவ்வளவு வசதியோ அவ்வளவு இம்சை, ஏனென்றால் வாய் தெரிகிற தூரத்தில் நிற்கிற எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும், ரகசியம் என்று ஒன்றைச் சொல்லவே முடியாது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னால் மூடினாளே என்பதே சேதியாகிவிடும்.

அதனால்தான் ஜீவிதாவின் இடது காது அந்தத் தெருவுக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

அவளுக்குச் சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. தாடைக்கும் காதுக்கும் நடுவே வீங்கினால் கழுத்தில் தங்கம் போட்டால் வடியும் என்பது ஊர் வழக்கம், ஆஸ்பத்திரி எல்லாம் அதற்குப் பிறகு. அவள் அம்மா தனக்கொடியிடம் தங்கம் கிடையாது, பக்கத்து வீட்டுப் பரிமளாதான் தன் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டுவிட்டாள். வீக்கம் வடிந்தது, சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தார்கள், வீக்கத்தோடு இடது காதும் போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் கரண்ட் போன நேரம் பார்த்து தனக்கொடி பின்னாலிருந்து இடது காதருகே கை தட்டினாள், பிள்ளை திரும்பவில்லை, வலது காதருகே போய்த் தட்டினாள், திரும்பியது. தனக்கொடி அழவில்லை. அன்றிலிருந்து சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

வேலை பார்க்கிற பட்டறையில் அவள் தறி இடது பக்கம், ஜீவிதா உட்காருகிற மூலை வலது பக்கம். எது சொல்வதானாலும் தறியை நிறுத்திவிட்டு வருவாள், மகளின் முதுகுப் பக்கமாகச் சுற்றுவாள், வலது காதில் வாயை வைத்துத்தான் சொல்வாள், உப்பு தீர்ந்துவிட்டது என்பதைக்கூட. வளர வளர ஜீவிதாவுக்கு இது எரிச்சலாக இருந்தது. உதடு படிப்பதில் அவள் அந்தத் தெருவிலேயே கெட்டி. இருந்த இடத்திலிருந்து வாயசைத்தால் போதாதா, எதற்கு இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறாய் என்று ஒரு தடவை கேட்டேவிட்டாள்.

"உதட்ட ஊரே பாக்கும். இது உனக்கு மட்டும், கண்ணு."

தெருவோ நேர்மாறு. முதலில் வந்தவர் பரிமளாவின் புருஷன் ராசப்பன். அவர் ஜீவிதாவுக்கு ஒரு முறுக்கைக் கொடுத்தார், அவளுடைய சடையை ஒதுக்கினார், யாருக்கும் உதடு தெரியாதபடி வாயை இடது காதோடு ஒட்டி வைத்து என்னவோ சொன்னார், சொல்லிவிட்டு முகம் கழுவினவர் மாதிரி எழுந்து போனார். அதைப் பார்த்தவர்கள் மறுநாள் வந்தார்கள். பிறகு வராதவர்கள் இல்லை. கோயில் நந்தியின் காதில் சொல்வார்களே, அந்த மாதிரிதான், ஆனால் நந்தி கோயிலில் இருந்தது, ஜீவிதா பக்கத்திலேயே இருந்தாள். அவளுக்கு மூச்சின் சூடு மட்டும் தெரியும். அவள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருப்பாள். சண்டை போட்டவர்கள் வந்தார்கள், சண்டை போட முடியாதவர்கள் வந்தார்கள், கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒருத்தி மருதாணிக் கையோடு வந்தாள், பட்டறை ஓனர் செங்கோட்டுவேல் வாராவாரம் சம்பளம் போட்ட கையோடு வந்தார். அவள் அப்பாவும் ஒரு தடவை வந்தார், இடது பக்கமாகக் குனிந்தார், சொன்னார், தலையைத் தடவினார், பஸ் ஏறிப் போனார், அதோடு சரி.

பதினொன்றாம் வகுப்போடு ஜீவிதா பள்ளிக்கூடத்தை விட்டாள். கேட்டவர்களிடம் காதைக் காரணம் சொன்னாள். காது பாதிக் காரணம்தான், மீதி அவளுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவோடு பட்டறைக்கு வந்து, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற நூலைக் குச்சியில் சுற்றுகிற வேலைக்கு உட்கார்ந்தாள். தனக்கொடி ஒன்றும் திட்டவில்லை, ஆனால் எங்கே காது முகாம் போட்டாலும் மகளை இழுத்துக்கொண்டு போனாள், கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா காகிதத்தில் ஒரு மண்டையை வரைந்து காட்டினார். இடது காது செத்தது செத்ததுதான், அதற்கு மருந்தில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்ன ஆணியைத் திருகி, அதில் ஒரு மிஷினை மாட்டிவிட்டால், அந்தப் பக்கம் வருகிற சத்தத்தை வாங்கி எலும்பு வழியாகவே சுற்றிக்கொண்டு வந்து இந்தப் பக்கத்து நல்ல காதில் சேர்த்துவிடும் என்றார்.

தனக்கொடி படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான் பண்ணீட்டிருந்த வேலைய அது பண்ணுமுங்களா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை, ஆமாம் என்றார்.

ஆணி வைத்தார்கள். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்ச மாதம் ஆகும், அதுவரை மிஷினை மாட்டக் கூடாது, ஆணியைச் சுற்றி மெத்தென்ற பிரஷ்ஷால் தினமும் சுத்தம் பண்ண வேண்டும் என்றார்கள். தனக்கொடி தினமும் பண்ணிவிட்டாள். பண்ணிவிட்டு வலது பக்கம் சுற்றி வந்து வலிக்குதா கண்ணு என்பாள். எலும்பு ஆணியைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, ஏதோ கொசுக் காய்ச்சல் என்றார்கள், ரத்தத்தில் என்னவோ குறைந்துகொண்டே போகிறது என்றார்கள், மூச்சுக்கு மாஸ்க் வைத்தார்கள்.

அந்த மாஸ்க்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஊரில் எந்த வாயையும் படிக்கிற ஜீவிதா கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், அவளுடைய இடது பக்கம் அம்மா, வலது பக்கம் ஒரு நர்ஸக்கா நின்று வீட்டுக்குப் பெரியவர்கள் யாராவது வருவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்க்கின் உள்பக்கம் ஆவி பூத்தது, மறைந்தது. மூச்சென்றால் ஒரே சீராகப் பூக்கும். இது விட்டு விட்டுப் பூத்தது. அது பேச்சு என்று ஜீவிதாவுக்குத் தெரிந்தது. உதடு தெரியவில்லை. அவளுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை, நர்ஸக்கா வேறு கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் கையை மட்டும் நீட்டி அம்மாவின் முழங்கையைத் தட்டி, "அப்புறம் சொல்லும்மா, மாஸ்க்கக் கழட்டுனதுக்கப்புறம்" என்றாள்.

மாஸ்க்கைக் கழற்றியபோது சொல்ல ஆளில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, எலும்பும் ஆணியைப் பிடித்திருந்தது. பரிமளாதான் கூட்டிக்கொண்டு போனாள். மிஷின் ஒரு பெரிய பொத்தான் அளவுதான் இருந்தது. மாட்டிவிட்ட பெண் டொக்கென்று அதை ஆணியில் பொருத்திவிட்டு ஏதாவது கேட்கிறதா என்றாள். ஜீவிதா கேட்கிறது, ஒரு ஆம்பளை பேசுகிறார் என்றாள். அந்த அறையில் ஆம்பளை யாரும் இல்லை. பழகிவிடும் என்று அந்தப் பெண் சொன்னாள்.

பழகத்தான் செய்தது. முடி உரசினால் கூரைமேல் சருகு இழுக்கிற மாதிரி இருந்தது, ஃபேன் காற்று பேயாக இரைந்தது, துப்பட்டா மாட்டி இரண்டு தடவை மிஷின் கீழே விழுந்தது, குளிக்கப் போனால் கழற்ற வேண்டும், வெளிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. அதெல்லாம் எல்லாருக்கும் நடக்கிறதுதான். இவளுக்குக் கூடவே நடந்தது என்னவென்றால், செத்த காதில் இத்தனை வருஷமாகத் தெரு சொல்லி வைத்ததெல்லாம் அங்கேயே கெட்டுப்போகாமல் கிடந்திருக்கிறது. எலும்பு இப்போது அதையெல்லாம் முதலிலிருந்து, வந்த வரிசை மாறாமல், ஒவ்வொன்றாகச் சுமந்துகொண்டு வந்து நல்ல காதில் இறக்கியது. ஒரு தடவைதான் இறக்கும். மிஷினைக் கழற்றினால் நிற்கும், மாட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். தாண்டிப் போக வழியில்லை.

வரிசை மாறாது என்று புரிந்த அன்றே ஜீவிதாவுக்கு வேறொன்றும் புரிந்தது. கடைசியில், எல்லாருடையதும் தீர்ந்த பிறகு, அந்த ஸ்டூலும் அந்த மாஸ்க்கும் வரும். அம்மா சொன்னது வரும்.

அவளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. முதல் வாரம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நூல் சுற்றிக்கொண்டே, காதுக்கு வருகிறதையெல்லாம் அப்படியே உதட்டில் விட்டாள், பட்டறை முழுக்கப் படித்தது. நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த அன்று குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டியது யாரென்று தெரிந்தது. இருபத்து நாலு மணி நேரமும் தறி ஓட வேண்டும் என்று கத்துகிற செங்கோட்டுவேல், இந்த இரும்பையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு ஆடு மேய்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டும் என்று வாராவாரம் அழுதது தெரிந்தது. மூன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஒருத்தி பொட்டி கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள்.

தெரு கூடியது. மிஷினைக் கழற்றிப் போடச் சொன்னார்கள். ஆணியையே பிடுங்கிவிடலாமா என்று ஒருவர் விசாரித்தார். உன்னை நம்பித்தானே சொன்னோம் என்று செங்கோட்டுவேல் கேட்டார்.

"என்ன நம்பியா சொன்னீங்க? எனக்குக் கேக்காதுன்னு நம்பிச் சொன்னீங்க, மாமா," என்றாள் ஜீவிதா. "உங்க யாரு கதையும் எனக்கு வேண்டாம். எங்கம்மா கடைசில இருக்குது. நடுவுல நீங்க எல்லாரும் நிக்கறீங்க."

பரிமளா மட்டும் முன்னால் வந்து, அவருடையது ஏதாவது வந்ததா என்று கேட்டாள். ராசப்பன் செத்து வருஷக்கணக்காகிவிட்டது, தறி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். ஜீவிதா வந்தது என்றாள். அவருடையதுதான் முதலில் வந்தது. பரிமளாவைத் தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், அவள் காதில் கையைக் குவித்து வைத்துச் சொன்னாள். நெஞ்சு வலிக்கிறது, ரொம்ப நாளாக வலிக்கிறது, பரிமளாவிடம் சொன்னால் சங்கிலியை விற்றுவிடுவாள், அவளிடம் இருக்கிறது அது ஒன்றுதான். இவ்வளவுதான் அவர் சொன்னது. கூடவே, சொல்லிடாத சாமி என்றும் சொல்லியிருந்தார்.

பரிமளா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சங்கிலி இருந்தது. வெளியே வந்து, அவிங்கவிங்க சொன்னத அவிங்கவிங்க வந்து வாங்கிக்கங்க, புள்ளய உடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து அது ஒரு நடைமுறையாகிவிட்டது. ஜீவிதா மிஷினை மாட்டிக்கொண்டு வாசலில் உட்காருவாள், ஒரு குரல் வரும், யாருடையதென்று கண்டுகொண்டு கையைக் காட்டுவாள், அந்த ஆள் தறியை நிறுத்திவிட்டு வருவார், காதில் வாங்கிக்கொள்வார், போவார். சிலர் வாங்கிக்கொண்டு சிரித்தார்கள், இதற்கா அப்படித் தவித்தேன் என்றார்கள். மருதாணிக் கையோடு வந்தவள் இப்போது இரண்டு பிள்ளைக்காரி, தன் சொல்லை வாங்கிக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. செத்தவர்களுடையதை வாங்க வாரிசுகள் வந்தார்கள், யார் வாரிசு என்று அண்ணன் தம்பிக்குள் அடிதடியும் நடந்தது. காது திறந்துவிட்டதால் புதுச் சொல்லை வைக்கத் தெருவில் இடமில்லாமல் போனது. ஒருவர் எருமையின் காதில் சொல்லிப் பார்த்தார், அது தலையை உதறியது. சிலர் வேறு வழியில்லாமல் சம்பந்தப்பட்டவரிடமே சொல்ல ஆரம்பித்தார்கள். செங்கோட்டுவேல் ஒரு வெள்ளாடு வாங்கிப் பட்டறை வாசலில் கட்டினார். அது நூலைத் தின்றது. நூலை எல்லோரும் அதற்கு எட்டாத உயரத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

அப்பாவுடையதும் வந்தது. 'அப்பா இனி வரமாட்டேன் தங்கம், உங்கம்மா நல்லவ, என்னால முடியல.' ஜீவிதா அதைக் கேட்டாள், இதுக்குத்தானா என்றாள், எழுந்து போய்த் தண்ணி குடித்தாள். கொடுக்க ஆளில்லாத ஒரே சொல் அதுதான்.

இவர்கள் எல்லாருடைய பேச்சுக்கும் நடுவே இன்னொரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. மெட்டிச் சத்தம். தறி ஓடுகிற பட்டறையில் எந்தக் காதாலும் கேட்டிருக்க முடியாத சத்தம், சிமெண்டுத் தரையில் டிக், டிக்கென்று. இடது பக்கமிருந்து கிளம்பும், கிட்ட வரும், முதுகுப் பக்கம் போகும், வலது பக்கம் திரும்புகிற இடத்தில் நின்றுவிடும். அவ்வளவுதான். ஒரு பேச்சும் இருக்காது. பத்துப் பேருடைய கதைக்கு நடுவே நூறு தடவை அது வந்தது, சுற்றியது, நின்றது. முதலில் ஜீவிதா அடுத்து அம்மா பேசப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் விளங்கியது. அம்மா சொன்னதெல்லாம் நல்ல காதில் சொன்னது. நல்ல காதில் எதுவும் தங்குவதில்லை. அது கேட்டது, உப்பு வாங்கி வந்தது, மறந்துவிட்டது. ஊர்க் கதை முழுக்கக் கெட்டுப்போகாமல் கிடந்தது, அம்மாவின் குரலில் ஒரு வார்த்தையைக்கூட ஜீவிதாவால் தலைக்குள் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. முகம் வந்தது, உதடு வந்தது. குரல் வரவில்லை. பிரஷ் போடும்போது வலிக்குதா கண்ணு என்று கேட்டாளே, அது எப்படி இருந்தது? மெல்லிசா? கரகரப்பா?

ஆனாலும் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே அம்மாவால் எழுந்து சுற்றி வர முடியவில்லை. அங்கே அவள் ஜீவிதாவின் இடது பக்கம் படுத்துக்கொண்டு பேசினாள். அந்த ஒன்று இருக்கிறது.

தெருவும் அதை எதிர்பார்க்கத் தொடங்கியது. எதுவரைக்கும் வந்துவிட்டது என்று விசாரித்தார்கள். போன வருஷத்து மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டது, ஆடி வந்துவிட்டது என்று ஜீவிதா சொன்னாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் அவளுக்கு லிஃப்ட் கதவு மூடுகிற சத்தமும் தள்ளுவண்டிச் சக்கரமும் கேட்டன. அவள் மிஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குள் போனாள், நடுவில் நின்றாள், எல்லாரும் பார்த்தார்கள். எங்கம்மா வருது என்று வாயசைத்தாள்.

செங்கோட்டுவேல் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை நிறுத்தினார், அடுத்தவர் நிறுத்தினார், தீபாவளிக்குக்கூட முழுசாக நிற்காத தெரு தலையிலிருந்து கடைசி வீடு வரைக்கும் நின்றது. தூளிப் பிள்ளைகள் முழித்துக்கொண்டு அழுதன. அவற்றைச் சமாதானப்படுத்திய பிறகு, தூரத்தில் என்னவோ இரைந்தது. அது காவிரி என்று வயதானவர்கள் சொன்னார்கள்.

ஜீவிதா வீட்டுக்குள் போய், அம்மா படுக்கிற கயிற்றுக் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள், அன்றைக்கு மாதிரியே, இடது பக்கம் கட்டில் இருக்கும்படி. தெரு ஜன்னலிலும் வாசலிலும் நின்று அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிஷினைப் பொருத்தினாள். டொக்.

நர்ஸக்காவின் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. மாஸ்க்குக்குள் காற்று சீறியது. பிறகு அம்மா. மெல்லிசும் இல்லை, கரகரப்பும் இல்லை. நூல் தூசு தின்ற தொண்டை, ஒவ்வொரு சொல்லையும் முடிச்சுப் போடுகிற மாதிரி விட்டு விட்டு:

"அந்தப் பக்கமா வா, கண்ணு. ஒண்ணு சொல்லோணும்."

ஜீவிதா காத்திருந்தாள். அடுத்து வந்தது அவளுடைய குரல், அவளுக்கே அடையாளம் தெரியாத அளவுக்குச் சலித்துப்போன குரல், அப்புறம் சொல்லும்மா என்றது.

காற்று சீறியது. மறுபடி சீறியது.

"செரி," என்றாள் அம்மா.

அப்புறம் வெகுநேரம் மூச்சு மட்டும் வந்தது, அவசரமில்லாத மூச்சு, யாரோ சுற்றிக்கொண்டு வருவதற்காக இடம் விட்டுக் காத்திருக்கிற மூச்சு. பிறகு அதுவும் தீர்ந்தது, மிஷினில் இன்றைய சத்தம் மட்டும் இருந்தது, ஆறும், ஒரு வெள்ளாடும்.

வாசலில் இருந்தவர்கள் அவள் உதட்டில் மூன்று வரியையும் படித்திருந்தார்கள். பரிமளா சங்கிலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் உள்ளே வரவில்லை.

ஜீவிதா எழுந்தாள். கட்டிலைக் கால்மாட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது. உட்கார்ந்து, தலையணையில் அம்மாவின் தலை அழுத்திய பள்ளத்தில் வலது காதை வைத்தாள். அவள் உதடு அசையத் தொடங்கியது.

செங்கோட்டுவேல்தான் முதலில் முகத்தைத் திருப்பினார். பிறகு பரிமளா. பிறகு வாயை விட்டுக் கண்ணெடுத்தே பழக்கமில்லாத அந்தத் தெரு மொத்தமும், பிள்ளைகளின் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றது.